உப்பு என்று எழுதச் சொன்னார்கள்

சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்தார் பத்மராசா.
கப்பல்துறைக் களஞ்சியத்தில் கூட்டித் துடைக்கிறவர்.
மூடியைத் திறந்தால் வெள்ளைக் குறுணி,
ஓரமெல்லாம் வியர்த்து.

"மூட்டையில பேர் அழிஞ்சு போச்சு பிள்ளை.
முதலாளி உப்பு எண்டுறார்.
உப்பெண்டா,
சாக்கில விழுந்த பீடிச் சாம்பல்
ஏன் சீறினது?"

படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.
'விபரம்' என்ற இடத்தில் எழுதினேன்:
பெயர் தெரியாத திண்மம். வெள்ளை.
சீறியதாகக் கேள்வி.

பஞ்சுத்தூளை உலர்த்தியில் வைத்து ஈரம் போக்கினேன்.
உட்துறைமுகக் காற்று யன்னல் இடுக்கால் நுழைந்து
போக்கியதைத் திருப்பித் தரப் பார்த்தது.
போன மாதப் பத்திரிகையை மடித்துத் திணித்தேன்.
மின்விசிறி நிறுத்தம். புரட்டாதி வெக்கை.
மூக்கு நுனியில் நின்ற வியர்வையைத்
தோளில் துடைத்தேன், தட்டில் விழாமல்.

நிலாவெளியில் பிள்ளைகள் மணலில் செய்வதுபோல்
புனலைக் கவிழ்த்து எடுத்தால்
ஒரு சின்னக் கூம்பு.
அடியில் கம்பிச் சுருள்.

முதலில் அளவுகோல்: பொட்டாசியம் புரோமேற்று,
மூன்று விகிதம், மூன்று வேகம்.
மிக மெதுவானது நூற்றிரண்டு செக்கன் எடுத்தது.
கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் நஸ்மியா
நிறுத்தற்கடிகாரத்தை நம்புவதில்லை,
அதோடு சேர்ந்து வாய்க்குள் தானும் எண்ணுவாள்.

பிறகு பத்மராசாவின் குறுணி.
தொண்ணூற்றாறு.
எண்பத்தெட்டு.
மூன்றாவதில் கரண்ட் போனது;
அரைவாசி கருகிய கூம்பைச் சுற்றி
இருட்டில் நின்றோம், ஒருவரும் பேசவில்லை.
திரும்ப எண்பத்தொன்று. தொண்ணூற்றொன்று. எண்பத்தொன்பது.
மஞ்சள் சுவாலை,
உள்ளே எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம்.

பஞ்சில்லாமல் தனியாகவும் ஒருதரம் வைத்துப் பார்த்தேன்.
விதிமுறையில் இல்லை, எனக்காக.
கம்பி சிவந்தது.
குறுணி உருகிக் கண்ணாடியாகி
சும்மா கிடந்தது.

தான் எரியாது.
எரிகிறதற்கு மூச்சுக் கொடுக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருந்தார்.
அந்த வருசம் ஒரு கல்லும் எறியாதவர்.
எந்த வீடு யாருடையது என்று மட்டும்
கேட்டவர்களுக்குச் சொன்னவர்.
எந்தத் தட்டில் தனியாக வைத்துப் பார்த்தாலும்
அவர் உப்புத்தான்.

பின்னேரம் முதலாளி போன் எடுத்தார்.
"தங்கச்சி, உப்பு எண்டு எழுதினா என்ன குறையுது?"
குறைவதற்கு ஒன்றும் இல்லை.
இரசாயனத்தில் இதுவும் உப்புத்தான், அவர் பொய் சொல்லவில்லை.
"பக்கத்தில என்ன அடுக்கியிருக்கிறியள்?" என்று கேட்டேன்.
கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்:
"தும்பு. மெத்தைக்குப் போற தும்பு."
பிறகு இரண்டு பேரும்
லைனில் கடல் இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எழுதினேன்:
ஒட்சியேற்றும் திண்மம். மூன்றாம் தரம்.
தும்பு, துணி, மரத்தூள், எண்ணெய் அருகில் ஆகாது.
மூன்றாம் தரம் என்றால் ஆகக் குறைந்தது.
ஆகக் குறைந்தது என்பதைப் படித்துவிட்டு
அவர் சிரிக்கவும் கூடும்.

அடுத்த நாள் பத்மராசா வந்தார்.
"அப்ப நெருப்போ பிள்ளை?"
"இல்லை. நெருப்புக்குத் துணை."
தலையாட்டினார், பீடிக்கட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து
ஏனோ மற்றப் பைக்கு மாற்றினார்.

"பெட்டியைத் தாங்கோ, மனுசி தேடுவா."
"இதில இனிச் சாப்பிடக் கூடாது."
"கழுவினா?"
"கழுவினாலும்."
மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் கீறிய பெயர் இருந்தது,
அவருடையது இல்லை, மனைவியுடையது.
மூடியை மட்டும் கேட்டார்.
அதையும் கொடுக்க முடியவில்லை.

பதிவேட்டில் கடைசி வரி:
அலுமினியப் பெட்டி ஒன்று, மூடியுடன்.
திருப்பி அளிக்கப்படவில்லை.
கையொப்பம்.
அவரிடமும் ஒன்று வாங்கினேன்.